இடது விளக்கு

பணிமனைக்கு வண்டி கொண்டுவருகிறவர்கள் யாரும் முதலாளியைத் தேடமாட்டார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்ததுமே, "ஸ்டெத்து இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். முன்மேசையில் உட்கார்ந்து வண்டிக்காரர்கள் சொல்லும் குறைகளை எழுதிக்கொள்வது அவர் வேலை. பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஆனால் பேனாவைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து வெளியே போவார். பானெட்டைத் திறக்கச் சொல்வார். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். அரை நிமிஷம்தான்.

"வாட்டர் பம்ப் பேரிங். இன்னும் பத்து நாள் தாங்கும். பதினோராவது நாள் நடுரோட்டுல நிக்கும்" என்பார். அப்படியேதான் நடக்கும். டாக்டர் கழுத்தில் தொங்கும் ஸ்டெதஸ்கோப் சுருங்கி அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

கார் என்றால் அவருக்குத் தொழில் மட்டுமில்லை, உயிர். பள்ளி நாட்களிலேயே பஸ் நிறுத்தத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்று, வருகிற வண்டி என்ன வண்டி, எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிப் பந்தயம் ஜெயித்தவர். வீட்டுக் கூடத்தில் கல்யாணப் புகைப்படம் ஒன்று, கார் படங்கள் ஏழு. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எனக்கு ஜுரம் வந்தா தெர்மாமீட்டர் வெச்சுக் காட்டினாலும் நம்ப மாட்டாரு. எதிர்வீட்டு வண்டிக்கு ஜுரம்னா இங்க இருந்தே எழுந்து ஓடுவாரு" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அது குற்றச்சாட்டு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரே மகள். அவளுக்குப் பத்து வயதானபோதுதான் அந்தப் படம் வந்தது.

பிள்ளைகளுக்கான அனிமேஷன் படம். வெள்ளத்தில் வளை மூழ்கிப்போன ஒரு கீரிப்பிள்ளைக் குடும்பம், மலைக்கு அந்தப்புறம் இருக்கும் அத்தை வீட்டைத் தேடிப் பழைய மஞ்சள் காரில் கிளம்புகிறது. அப்பா, அம்மா, ஒரு பெண், கைக்குழந்தைத் தம்பி. இவ்வளவுதான் கதை. மகளின் வகுப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு போவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் அம்மாவுக்கு டியூட்டி மாறிவிட்டது.

"நீங்க கூட்டிட்டுப் போங்களேன். படம் பூரா கார்தானாம்" என்றாள் மனைவி, சீருடையைத் தேய்த்துக்கொண்டே.

"கார்தானா?" ஸ்டெத்து நிமிர்ந்தார். "என்ன கார்?"

"மஞ்சள் காருப்பா" என்றாள் மகள்.

"மஞ்சள்னா எந்தக் கம்பெனிடா?"

"கீரிப்பிள்ளை கம்பெனி" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பாவும் பெண்ணும் மட்டுமாக ஓரிடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. அவள் பச்சைக் கவுனைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையைத் தானே வாரிக்கொண்டு, அரைமணி முன்னதாகவே வாசலில் வந்து நின்றாள்.

தியேட்டரில் விளக்கணைந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மஞ்சள் கார் கிளம்பியதுமே அவருக்குப் பொறுக்கவில்லை.

"இந்த பானெட் நீளத்துக்கு உள்ள ஆறு சிலிண்டராவது இருக்கணும். சத்தம் கேட்டியா? நாலு சிலிண்டர் சத்தம். எங்கயோ போய் சின்ன வண்டி சத்தத்தைப் புடிச்சுட்டு வந்து ஒட்டியிருக்கான்."

மகள் தலையாட்டினாள். இரண்டு நிமிஷம் போயிற்று.

"பாரு பாரு, ஸ்டியரிங்கை முழுசா சுத்தறாரு, முன்சக்கரம் திரும்பவே இல்ல! அப்புறம் எப்படி வண்டி வளையுது? மந்திரமா?"

அப்பா கீரி கிளட்சை மிதிக்காமலே கியர் போட்டது. மூன்று நாள் பயணத்தில் ஒரு தடவைகூட பெட்ரோல் போடவில்லை. சைலன்சர் ஒரு காட்சியில் வலப்பக்கம், அடுத்த காட்சியில் இடப்பக்கம். ஒவ்வொன்றையும் அவர் மகளின் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைப்பு. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே இருபது வருஷம் பேசிப் பழகிய தொண்டை, நாலு வரிசை தாண்டிப் போயிற்று.

இடைவேளையில் அவள் பாப்கார்ன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, அடுத்த பாதியைப் பேசாம பாக்கலாமா?"

"உனக்குத்தானடா சொல்லித் தரேன். இதெல்லாம் எந்த ஸ்கூல்லயும் சொல்லித் தர மாட்டாங்க."

உள்ளே திரும்பி வந்தபோது ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் காலியாக இருந்த இருக்கையில் டப்பாவை வைத்தாள். அவர் அதன் குறுக்கே சாய்ந்துகொண்டு தொடர்ந்தார். பின்சக்கரம் இழுக்கிற வண்டி சேற்றில் எப்படி வழுக்கும், முன்சக்கரம் இழுக்கிற வண்டி எப்படி வழுக்கும் என்று இரண்டு கையையும் வைத்துத் திரைக்கு முதுகைக் காட்டி விளக்கினார். மகள் அவர் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திரும்பியபோது திரையில் மலைப்பாதை. இருட்டு. மழை. மஞ்சள் காரில் வலது விளக்கு மட்டும் எரிகிறது. இடப்பக்கம் கிடுகிடு பள்ளம். அப்பா கீரிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பெண்கீரி இடது ஜன்னல் வழியாக இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டு, மழையில் நனைந்தபடி, "அப்பா, வளைவு... அப்பா, கல்லு... அப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருகிறது. அப்பா கீரி அந்தக் குரலை மட்டும் நம்பி வண்டியைத் திருப்புகிறது. தியேட்டரில் மூச்சுச் சத்தம் இல்லை.

"அட! இடது லைட்டு எங்கடா போச்சு?" என்றார் ஸ்டெத்து. "இப்பதானே ரெண்டும் எரிஞ்சுது! படம் வரைஞ்சவன் தூங்கிட்டானா?"

"சார், கொஞ்சம் சும்மா இருங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவர் மகளைப் பார்த்துக் கண்ணடிக்கப் போனார். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"ஏய், அழறியா? கீரிப்பிள்ளைக்கா?"

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்தாள். திரும்பும்போது காரில் அவர் விரல்விட்டு எண்ணினார். மொத்தம் பதினொரு தப்பு. வீட்டில் அம்மா, "படம் எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "அப்பாகிட்ட கேளும்மா, அவருதான் பார்த்தாரு" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் டீ வேளையில் பணிமனையே அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. பதினொரு தப்பையும் ஸ்டெத்து நடித்தே காட்டினார். அப்பா கீரி கிளட்ச் மிதிக்காமல் கியர் போடுவதைச் செய்துகாட்டியபோது பெயிண்டர் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது. அன்று வண்டி எடுக்க வந்திருந்த ஒருவர் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கார் பிரியர்களுக்கென்று சின்னதாக ஒரு மாத இதழ் நடத்துகிறவர்.

"இதை அப்படியே எழுதிக் குடுங்க சார். பேசற மாதிரியே எழுதுங்க. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

பள்ளிக்கூடத்தோடு எழுத்தை விட்டவர், இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினார். வந்த இதழில் ஒரு பக்கம் முழுக்க அவர் எழுத்து, மூலையில் அவர் புகைப்படம். இடது விளக்கைத்தான் கடைசித் தப்பாக, மகுடமாக வைத்திருந்தார். அந்தப் பத்தி இப்படி முடிந்தது: "இடது விளக்கு எங்கே போயிற்று? படம் எடுத்தவர்களின் மூளையைத் தேடிப் போயிருக்கும். பக்கத்தில் என் மகள் கீரிப்பிள்ளைக்காக மூக்கைச் சிந்தி அழுதுகொண்டிருந்தாள். நான் கிளட்சுக்காக அழுதேன்."

பத்துப் பிரதி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். வாசகர் கடிதங்கள் வந்தன. அடுத்த மாதம் வேறு படம், அதற்கடுத்த மாதம் வேறு படம் என்று அது தொடராகவே ஆகிவிட்டது.

மகளின் வகுப்பில் ஒரு பையனின் அப்பா அந்த இதழுக்குச் சந்தாதாரர். ஒருநாள் அவள் பள்ளியிலிருந்து வந்ததும், பையைக்கூட இறக்காமல் அவர் முன்னால் நின்றாள்.

"நான் அழுததை ஏன்ப்பா எழுதினீங்க?"

"உன் பேரைப் போடலியேடா!"

"உங்க போட்டோ இருக்கே. கிளாஸ்ல சத்தமா படிச்சாங்க."

ஸ்டெத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? எல்லாரும் சிரிச்சாங்களா?"

அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். "சிரிச்சாங்க" என்றாள்.

"பார்த்தியா!" என்று அவர் தொடையைத் தட்டிக்கொண்டார். அடுத்த வாரம் அவளுக்கு ஒரு பொம்மைக் கார்கூட வாங்கி வந்தார், மஞ்சளில். அவள் அதை அலமாரியில் வைத்தாள். அங்கேயே இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டையோ முறைப்போ எதுவும் இல்லை. அதனால்தான் அவருக்குத் தெரியவில்லை. பெண் நன்றாகப் படித்தாள். கூப்பிட்டால் வருவாள், கேட்டால் பதில் சொல்வாள். படம் பார்ப்பது என்றால் அம்மாவோடு, அல்லது தோழிகளோடு. எதையாவது ரசித்துக்கொண்டிருக்கும்போது அவர் அறைக்குள் வந்தால் புத்தகத்தை மூடிவிடுவாள், டிவியில் சேனலை மாற்றிவிடுவாள். பெண் பிள்ளை வளர்ந்தால் இப்படித்தான் என்று அவரே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார். தொடர் ஆறு வருஷம் வந்தது. பிறகு இதழ் நின்றுபோயிற்று.

அவள் பிசியோதெரபி படித்து, பஸ்ஸில் நாலு மணி நேரத் தொலைவில் இருந்த ஊரில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை செய்தவனையே கல்யாணம் செய்துகொண்டாள். பழைய கார் ஒன்று வாங்கினார்கள். ஸ்டெத்துதான் போய் எஞ்சினைக் காது வைத்துக் கேட்டுத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அந்தக் கார் வந்த பிறகு அவருக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. அதுவரை அம்மாவோடு மட்டும் போனில் பேசியவள், அவருக்கும் போன் செய்ய ஆரம்பித்தாள்.

"அப்பா, வண்டில ஏதோ சத்தம் வருது."

"போனை பானெட்டுகிட்ட வை. ம். ஆக்சிலரேட்டரை லேசா மிதி. போதும். பெல்ட்டுதான், ஒண்ணும் அவசரம் இல்ல" என்பார். சில நாள் எத்தனை உன்னிப்பாகக் கேட்டாலும் ஒரு கோளாறும் காதில் விழாது. வீட்டில் இருந்தால் இன்னொரு தடவை கேட்பார். முன்மேசையில் கூட்டம் நின்றால், "ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் ஓடுது, வை" என்று சள்ளென்று சொல்லி வைத்துவிடுவார். ஆனாலும் அந்தப் போனுக்காகக் காத்திருப்பார். மனசுக்குள் மகள் வண்டி அடிக்கடி கெட்டுப்போகட்டும் என்றுகூட வேண்டிக்கொள்வார். ஒரு மெக்கானிக் நெஞ்சறிந்து அப்படி நினைப்பது பாவம் என்று அவருக்கே தோன்றும்.

ஏழு வருஷம் ஓடிய பின் அவர்கள் அந்த வண்டியை விற்றுவிட்டு எலக்ட்ரிக் கார் வாங்கினார்கள். எஞ்சின் இல்லை, கியர் இல்லை, பெல்ட் இல்லை. சத்தமே இல்லை. போனும் நின்றுபோயிற்று.

அந்த வருஷமே அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பணிமனையில் மாலை போட்டு, ஸ்க்ரூடிரைவருக்கு வெள்ளி முலாம் பூசிக் கொடுத்தார்கள். பெயிண்டர் அழுதுவிட்டார். ஸ்டெத்து அழவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்தான், பேச யாரும் இல்லை என்று தெரிந்தது.

இரண்டு வருஷம் கழித்து, முழங்கால் வலிக்கு டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லிப் படுத்திருந்த ஒரு மத்தியானம், டிவியைத் திருப்பிக்கொண்டே வந்தவர் கண்ணில் மஞ்சள் கார் பட்டது. அதே படம். மனைவி சமையலறையில் இருந்தாள்.

"ஏய், இங்க வா! நம்ம கீரிப்பிள்ளை படம்! பதினொரு தப்பும் காட்டறேன்" என்று உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"நீங்களே பாருங்க. எனக்குக் கை ஈரம்" என்றாள் அவள்.

அருகில் சொல்ல ஆள் இல்லாததால் அவர் வாயை மூடிக்கொண்டு பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தைப் பேசாமல் பார்த்தார் என்றே சொல்லலாம். முதலில் தப்புகள்தான் கண்ணில் பட்டன. மெல்ல மெல்ல கீரிகள் தெரியத் தொடங்கின. அம்மா கீரி தனக்குப் பசியில்லை என்று சொல்லிப் பழத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. பெண்கீரி அப்பா தூங்கிவிடாமல் இருக்கக் கேள்விமேல் கேள்வி கேட்பது. இதெல்லாம் அன்றைக்கு எங்கே இருந்தது என்று யோசித்தார்.

இரண்டாம் பாதியில் சேற்றுக் காட்சி வந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு விளக்கிய காட்சி. சேற்றிலிருந்து கார் மீண்டு வந்ததும், பாதையோரம் ஒரு கிழட்டு ஆமை தன் கைவண்டியோடு நிற்கிறது. வண்டி நிறையக் குஞ்சு ஆமைகள். விளக்கு இல்லாமல் மலை இறங்க முடியாமல் நிற்கிறார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா கீரி காரைவிட்டு இறங்குகிறது. குனிந்து இடது விளக்கைக் கழற்றுகிறது. ஆமையின் வண்டியில் கட்டிவிடுகிறது. பெண்கீரி அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. அவ்வளவுதான். அரை நிமிஷக் காட்சி.

பேட்டரி இல்லாமல் அது எப்படி எரியும் என்று ஸ்டெத்தின் வாயில் வந்துவிட்டது. வந்தது வெளியே வரவில்லை.

மலைப்பாதைக் காட்சியை அவர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். விளக்கு எங்கே போயிற்று என்று அந்தத் தியேட்டரில் இருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தெரிந்திருக்கிறது. அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை. விளக்கைக் கொடுத்துவிட்ட அப்பாவுக்கு மகள் கண்ணாக வருகிறாள். அதைப் பார்த்துத்தான் பத்து வயதுப் பெண் அழுதிருக்கிறாள். அதைத்தான் மூக்கைச் சிந்தினாள் என்று எழுதி, பத்துப் பிரதி வாங்கி ஊருக்கெல்லாம் கொடுத்தார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது டிவி அணைந்திருந்தது. "என்ன, காலு வலிக்குதா?" என்றாள். அன்று சாயங்காலம் பரண்மேல் இருந்த இதழ்க் கட்டை இறக்கச் சொல்லி, தான் எழுதியதைப் படித்தார். படிக்கப் படிக்கக் கூசியது. "கிளாஸ்ல சத்தமா படிச்சாங்க" என்ற குரல் ஒருபுறம். "எல்லாரும் சிரிச்சாங்களா?" என்று ஆசையாகக் கேட்ட தன் குரல் இன்னொருபுறம். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டையும் அவர் சேர்த்துக் கேட்டதே இல்லை.

முழங்கால் கொஞ்சம் தேவலை என்றானதும் பஸ் ஏறினார். போனில் சொல்லலாமே என்று மனைவி சொன்னதற்கு, "போன்ல எனக்குப் பேச வராது" என்றார். அது உண்மைதான்.

மகளுக்கு அன்று வார விடுப்பு. மருமகன் வேலைக்கும் பேத்தி பள்ளிக்கும் போயிருந்தார்கள். சமையலறையில் சின்ன மேசை. டீயை வைத்துவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"என்னப்பா, திடீர்னு? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அதெல்லாம் இல்ல. அந்தக் கீரிப்பிள்ளை படம் ஞாபகம் இருக்கா?"

"எந்தப் படம்?"

"சின்ன வயசுல உன்னைக் கூட்டிட்டுப் போனேனே. மஞ்சள் கார்."

"ம்."

"நான் தப்பா எழுதிட்டேன்மா. இடது லைட்டு சும்மா காணாம போகல. அப்பா கீரி அதைக் கழட்டி ஆமைக்குக் குடுத்துடுது. நான் அந்த நேரம் பார்த்து உன்கிட்ட பேசிட்டு இருந்திருக்கேன். நீ எதுக்கு அழுதேன்னு..." டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

அவள் சிரித்தாள். "இதைச் சொல்லவா நாலு மணி நேரம் பஸ்ல வந்தீங்க?"

"ஆமா."

"எனக்குப் படமே மறந்து போச்சுப்பா. நிஜமா. ஆமை வந்துதா என்ன? ஒண்ணும் ஞாபகம் இல்ல." டம்ளரை விரலால் சுற்றினாள். "நீங்க எழுதினதுதான் ஞாபகம் இருக்கு. மூக்கைச் சிந்தி அழுதுகொண்டிருந்தாள். நான் கிளட்சுக்காக அழுதேன். கமா, புள்ளி எல்லாம் ஞாபகம் இருக்கு."

ஸ்டெத்து தலையைக் குனிந்துகொண்டார். பெண்ணிடம் அப்படி ஒரு வார்த்தையை அவர் சொன்னதில்லை. அவர் அப்பாவும் அவரிடம் சொன்னதில்லை. "மன்னிச்சிடும்மா" என்றார்.

"ஐயோ, விடுங்கப்பா. பத்து வயசுல நடந்தது. அதைவிட..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"சொல்லு."

"வேண்டாம்ப்பா."

"சொல்லும்மா. இன்னைக்கு நான் எதுவும் பேசறதா இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பழைய வண்டி இருந்தப்போ போன் பண்ணுவேன்ல? பாதி நாள் வண்டிக்கு ஒண்ணுமே இருக்காது. உங்ககிட்ட பேசணும்போல இருக்கும். வேற என்ன சொல்லிக் கூப்பிடறதுன்னு தெரியாது. அதான் பானெட்டைத் திறந்துகிட்டு நிப்பேன்."

அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"முதல் தடவை உண்டாகி, மூணாவது மாசம் கலைஞ்சு போச்சே. அன்னைக்கு டாக்டர் சொன்னதும் வெளிய வந்து, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணேன். அம்மாவுக்கு அப்புறம்தான். வண்டில சத்தம் வருதுன்னு சொன்னேன். நீங்க கேட்டுட்டு, ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் ஓடுது, இங்க கூட்டம் நிக்குது, வைன்னு சொன்னீங்க. வெச்சுட்டேன்."

அந்த நாள் அவருக்கு ஞாபகம் வரவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. அப்படி எத்தனையோ நாள் முன்மேசையில் கூட்டம் நின்றிருக்கிறது. இரண்டு நாள் கழித்து மனைவி சொல்லித்தான் அவருக்கு விஷயம் தெரியும். அன்று மகளுக்குப் போன் செய்து, "உடம்பைப் பார்த்துக்க. அந்தச் சத்தம் திரும்ப வந்துதா?" என்று கேட்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றார், மிக மெதுவாக.

"சொல்லியிருக்கலாம்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள். கோபம் இல்லை. நாற்பது வருஷம் முன்மேசையில் உட்கார்ந்தவருக்கு ஆட்களைத் தெரியும். கத்துகிற வண்டிக்காரன் மறுபடி வருவான். "பரவால்ல சார்" என்று அமைதியாகச் சாவியை வாங்கிக்கொண்டு போகிறவன் வரமாட்டான்.

பேத்தி பள்ளியிலிருந்து வந்தாள். சாப்பிட்டார்கள். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். சாயங்காலம் மகள் பஸ் நிலையத்தில் கொண்டுவிட்டாள். எலக்ட்ரிக் கார் பூனைபோல் போயிற்று. "வண்டி எப்படி இருக்குப்பா?" என்று அவளே கேட்டாள். பின்பக்க டயர் ஒன்றில் காற்று குறைவு என்பது ஏறி உட்கார்ந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. சொல்வதா வேண்டாமா என்று தடுமாறி, "நல்லா இருக்கும்மா" என்றார். பஸ் கிளம்பிய பிறகுதான், அது பாதுகாப்பு விஷயமாயிற்றே, சொல்லியிருக்கவேண்டுமே என்று உறைத்தது. பதறிப்போய் பஸ்ஸில் இருந்தே போன் செய்து சொன்னார். "சரிப்பா, பார்த்துக்கறேன்" என்றாள்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்ததும் கேட்டாள். "என்ன சொன்னா?"

"பரவாயில்லைன்னு சொன்னா."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து உங்களுக்குப் போன் பண்ணதையும் சொல்லிட்டாளா? எனக்கு அப்பவே தெரியும். சொன்னா தாங்க மாட்டீங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். அவர் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டெத்துதான் போன் செய்கிறார். என்ன கேட்பது என்று முதல் சில வாரம் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டார். பிறகு அதை விட்டுவிட்டார். "என்னம்மா பண்றே?" என்று மட்டும் கேட்பார். துணி மடிக்கிறேன் என்பாள். மழை என்பாள். ஒரு நோயாளி ஆறு மாதத்துக்குப் பிறகு கையைத் தூக்கினார் என்று ஒருநாள் அவளாகவே சொன்னாள். அன்று கால்மணி நேரம் பேசினாள். அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வைத்த பிறகு மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னார்.

சில ஞாயிறுகளில் அவள் எடுப்பதில்லை.